அதிரும் நிலமும் அசையும் முள்ளும்

நுழையும்முன்

நிலம் நடுங்கும்போது வீடுகள் ஆடுகின்றன, கிணற்று நீர் தளும்புகிறது, கடல் பொங்குகிறது. இவை கண்ணால் காணத்தக்கவை. அதே வேளையில், கண்ணுக்குப் புலப்படாத புவிக்காந்தப்புலமும் மிக மெல்லியதாகக் கலங்குகிறது. நிலத்தின் நடுக்கம் காந்தமுள்ளை எட்டுவது எவ்வாறு? அம்மெல்லிய அசைவு மனித உயிர்களைக் காக்க உதவுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடிய அறிவியலின் பயணத்தை விளக்குகிறது இப்பாடம்.

ஒரு காலைப்பொழுது

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை ஏறத்தாழ 6.29 மணி. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு மேற்கே கடலடித்தரை பிளந்தது. பிளவு வடக்கு நோக்கி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு, அந்தமான் தீவுகள் வரை சென்றது. அந்நிலநடுக்கத்தின் அளவு 9.1. அதனால் எழுந்த ஆழிப்பேரலை வங்கக்கடலைக் கடந்து, ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்திற்குப்பின் தமிழ்நாட்டுக் கடற்கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நீங்கள் பிறப்பதற்கு முன்னர் நிகழ்ந்த இத்துயரை உங்கள் வீட்டுப் பெரியோர் இன்றும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த இரண்டரை மணி நேரம் முழுவதும் கடற்கரையில் இருந்தோர்க்கு எந்த எச்சரிக்கையும் வந்து சேரவில்லை என்பதே அத்துயரின் கொடிய பகுதி.

அதே காலையில் வேறொரு நிகழ்வும் பதிவானது. தாய்லாந்து நாட்டின் பிமாய் என்னும் ஊரில் புவிக்காந்தப்புலத்தை அளக்கும் கருவியொன்று இயங்கிக்கொண்டிருந்தது. நிலநடுக்கம் நிகழ்ந்த சிறிது நேரத்தில் அக்கருவியின் பதிவில் சீரான அலைவு தோன்றியது. காந்தப்புலம் சற்றே ஏறியது, இறங்கியது, மீண்டும் ஏறியது. ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திற்கும் ஏறத்தாழ 3.6 நிமிடம் ஆயிற்று. பின்னர் அப்பதிவை ஆராய்ந்த அறிஞர்கள், அவ்வலைவுக்குச் சுமத்ரா நிலநடுக்கமே காரணம் என்று அறிவித்தனர்.

கடலுக்கடியில் பாறை உடைந்ததற்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் காந்தப்புலம் ஏறி இறங்கியதற்கும் என்ன தொடர்பு? இதனை அறிய, முதலில் புவியின் காந்தத்தை அறிதல் வேண்டும்.

புவி என்னும் காந்தம்

புவியே ஒரு பெருங்காந்தம் என்று 1600ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் கில்பர்ட் எழுதினார். புவியின் மையப்பகுதியில் நிலையான காந்தக்கட்டி எதுவும் இல்லை என்பதைப் பிற்காலத்தவர் கண்டறிந்தனர். ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் வெளிக்கருவத்தில் உருகிய இரும்பு ஓயாமல் புரண்டு ஓடுகிறது. மின்சாரத்தைக் கடத்தும் அவ்வுருகிய உலோகத்தின் ஓட்டமே காந்தப்புலத்தைத் தோற்றுவித்து நிலைநிறுத்துகிறது. அப்புலம் புவியின் மேற்பரப்பைக் கடந்து விண்வெளி வரை விரிந்துள்ளது.

காந்தப்புலத்தின் வலிமையை நானோ டெஸ்லா என்னும் அலகால் குறிப்பர். புவியின் மேற்பரப்பில் இவ்வலிமை இடத்திற்கிடம் ஏறத்தாழ 25,000 முதல் 65,000 நானோ டெஸ்லா வரை வேறுபடும். தென்னிந்தியாவில் இது 40,000 நானோ டெஸ்லாவை ஒட்டியது. கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தோன்றினும் உண்மையில் இது மிக மெலிந்த புலமே. வீட்டில் குளிர்பதனப்பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கும் சிறு காந்தத்தின் வலிமை இதனினும் நூறு மடங்கு மிகுதி.

இப்புலம் ஒருபோதும் அசைவற்று இருப்பதில்லை. கதிரவனின் ஒளியால் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மின்னோட்டங்கள் எழுவதால், நாள்தோறும் பல பத்து நானோ டெஸ்லா அளவுக்கு அது ஏறி இறங்குகிறது. கதிரவனிலிருந்து வரும் காந்தப்புயல்களின்போது நூற்றுக்கணக்கான நானோ டெஸ்லா அளவுக்குக் கலங்குகிறது. நில அதிர்வால் எழும் மாற்றமோ பெரும்பாலும் ஒரு நானோ டெஸ்லாவுக்கும் குறைவானது. மிகுந்தால் சில நானோ டெஸ்லா. திருவிழாக் கூட்டத்தின் பேரிரைச்சலுக்கிடையே ஒருவர் காதோடு கூறும் சொல்லைப் பிரித்தறிவது போன்றது, இதனைக் கண்டறியும் பணி.

தெரியுமா?

மும்பையின் கொலாபாவில் 1841 முதல் புவிக்காந்தம் அளக்கப்பட்டு வந்தது. நகரில் மின்சார டிராம் வண்டிகளை இயக்கத் திட்டமிட்டபோது, அவற்றின் மின்னோட்டம் அளவீட்டைக் கெடுக்கும் என்பதை உணர்ந்தனர். எனவே கடலுக்கு அப்பால் உள்ள அலிபாக்கில் 1904இல் புதிய காந்த ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. காந்தமுள்ளைச் சுற்றி அமைதி நிலவவேண்டும் என்பதற்காக ஓர் ஆய்வுக்கூடமே இடம்பெயர்ந்தது.

மண்ணுக்குள் ஓடும் அலைகள்

புவித்தட்டுகள் ஒன்றையொன்று நெருக்குவதால் பாறைகளில் இறுக்கம் பல்லாண்டுகளாகச் சேர்கிறது. பாறை தாங்கும் எல்லையைக் கடக்கும்போது திடீரென உடைந்து நழுவுகிறது. அவ்வாறு விடுபடும் ஆற்றலின் ஒரு பகுதி அலைகளாகப் பரவுகிறது. அவற்றுள் விரைந்து வருவன முதன்மை அலைகள். இவை புவி மேலோட்டில் நொடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் செல்லும். பாறையை முன்னும் பின்னுமாக அழுத்தி விரிக்கும். அடுத்து வருவன இரண்டாம் நிலை அலைகள். இவை நொடிக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் வேகத்தில் பாறையைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு வரும். நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி உருண்டு வருவன மேற்பரப்பு அலைகள். கட்டடங்களுக்குப் பெருஞ்சேதம் விளைவிப்பவை பின்னிரண்டுமே.

இவ்வலைகள் யாவும் பாறையின் அசைவுகள். அசைவு காந்தமாற்றமாக உருவெடுப்பதற்குப் பாறைக்குள்ளேயே மூன்று வழிகள் உள்ளன.

பாறையின் மூன்று வழிகள்

முதல் வழி, பாறையின் சொந்தக் காந்தம். எரிமலைப் பாறைகளிலும் வேறு பல பாறைகளிலும் மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமத் துகள்கள் கலந்துள்ளன. அவற்றால் பாறை மெல்லிய காந்தத்தன்மை பெறுகிறது. பாறையை ஒரு திசையில் அழுத்தினால் அத்திசையில் அதன் காந்தத்தன்மை சற்றே குறைகிறது. அழுத்தம் நீங்கினால் மாறுகிறது. இதனை அழுத்தக்காந்த விளைவு என்பர். நிலநடுக்கத்தின்போது பல்லாண்டு இறுக்கம் சில நொடிகளில் தளர்வதால், பாறையின் காந்தமும் அந்நொடிகளிலேயே மாறுகிறது. மேக்னடைட் ஏறத்தாழ 580 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தன் காந்தத்தன்மையை இழந்துவிடும். ஆழம் செல்லச்செல்ல வெப்பம் கூடுவதால், இவ்விளைவு புவி மேலோட்டின் குளிர்ந்த மேற்பகுதிக்கே உரியது.

இரண்டாம் வழி, பாறைக்குள் உள்ள நீர். பாறையின் நுண்துளைகளிலும் விரிசல்களிலும் நிலத்தடி நீர் தங்கியுள்ளது. அந்நீரில் உப்புகள் கரைந்து மின்னேற்றம் பெற்ற அயனிகளாக உள்ளன. துளைகளின் சுவர் ஒருவகை மின்னேற்றத்தைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ள, எதிர்வகை மின்னேற்றம் நீரில் மிகுந்திருக்கும். அதிர்வலை பாறையைப் பிழியும்போது நீர் நகர்கிறது. நீரோடு மின்னேற்றமும் நகர்கிறது. மின்னேற்றம் நகர்ந்தால் அது மின்னோட்டம். மின்னோட்டம் உள்ள இடத்தில் காந்தப்புலம் உண்டு.

மூன்றாம் வழி, நிலமே ஒரு மின்னாக்கியாக மாறுதல். காந்தப்புலத்திற்குள் ஒரு மின்கடத்தியை அசைத்தால் அதில் மின்னோட்டம் தூண்டப்படும் என்பது மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த உண்மை. நம் ஊர்களுக்கு மின்சாரம் தரும் பெரிய மின்னாக்கிகள் யாவும் இவ்விதியின்படியே இயங்குகின்றன. ஈரமும் உப்பும் கலந்த நிலம் ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும். அந்நிலத்தை அதிர்வலை அசைக்கிறது. சுற்றிலும் புவிக்காந்தப்புலம் இருக்கிறது. மின்கடத்தி, அசைவு, காந்தப்புலம் ஆகிய மூன்றும் கூடியபின் மின்னோட்டம் பிறக்கிறது. அது தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கிப் பெரும்புலத்தோடு சேர்க்கிறது.

தெரிந்து தெளிவோம்

காந்தப்புலம் 40,000 நானோ டெஸ்லா உள்ள ஓரிடத்தில், அப்புலத்திற்குச் செங்குத்தான திசையில் நிலம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் அசைவதாகக் கொள்வோம். வேகத்தையும் புலத்தையும் பெருக்கினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திற்கும் 0.4 மைக்ரோ வோல்ட் மின்னழுத்தம் தூண்டப்படும் என்பது விளங்கும். ஒரு கிலோமீட்டர் நீளத்திற்கும் கூட அது 0.4 மில்லி வோல்ட் மட்டுமே. ஒரு கைவிளக்கு மின்கலத்தின் மின்னழுத்தம் இதனினும் மூவாயிரம் மடங்குக்கு மேல் மிகுதி.

1999 ஆகஸ்டு 17 அன்று துருக்கியின் இஸ்மித் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அப்பகுதியில் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் அளக்கும் கருவிகளை ஆய்வாளர்கள் முன்னரே அமைத்திருந்தனர். அக்கருவிகள் காட்டிய மாற்றங்கள் நிலநடுக்கம் தொடங்கிய கணத்தில் எழவில்லை. அதிர்வலை கருவியின் இடத்தை வந்தடைந்த கணத்திலேயே எழுந்தன. அலை எங்கெங்கு நிலத்தை அசைக்கிறதோ, அங்கங்கே இத்தகைய மின்காந்த மாற்றமும் தோன்றுகிறது என்பதற்கு அப்பதிவுகள் சான்றாயின.

வானின் வழி

பிமாயில் பதிவான அலைவு இம்மூன்று வழிகளிலும் வந்ததன்று. அது வானின் வழியே வந்தது.

முரசின் தோல் அதிர்ந்தால் அதன்மேலுள்ள காற்றும் அதிர்கிறது. நிலம் ஒரு மாபெரும் முரசுத்தோலாகி மேலும் கீழும் அசையும்போது, செவிக்குக் கேளாத மிகத்தாழ்ந்த ஒலியலைகள் மேல்நோக்கி எழுகின்றன. உயரம் செல்லச்செல்லக் காற்றின் அடர்த்தி குறைகிறது. அதே ஆற்றலைக் குறைந்த அளவு காற்று சுமக்க வேண்டியிருப்பதால் அசைவின் வீச்சு பெருகுகிறது. தரையில் மில்லிமீட்டர் அளவாக இருந்த அசைவு, மேலடுக்கை எட்டுகையில் பல்லாயிரம் மடங்கு பெருகியிருக்கும்.

ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலத்தின் கீழ்ப்பகுதி உள்ளது. கதிரவனின் ஒளியால் அங்குள்ள அணுக்கள் மின்னேற்றம் பெற்றிருப்பதால் அக்காற்று மின்சாரத்தைக் கடத்தும். ஒலியலை தரையிலிருந்து அவ்வுயரத்தை அடையச் சில நிமிடங்கள் ஆகின்றன. அங்கு அது மின்னேற்றத் துகள்களைப் புவிக்காந்தப்புலத்தின் குறுக்கே தள்ளுகிறது. ஃபாரடேயின் விதி அங்கும் பொருந்துகிறது. புதிய மின்னோட்டம் தோன்றுகிறது. அம்மின்னோட்டத்தின் காந்தம் தரையிலுள்ள கருவியில் அலைவாகப் பதிவாகிறது. மேலும், தரைக்கும் வளிமண்டலத்தின் உயர் அடுக்குகளுக்கும் இடையே சில குறிப்பிட்ட கால அளவுள்ள அலைகள் மட்டும் எதிரொலித்து வலுப்பெறுகின்றன. அவற்றின் அலைவுநேரம் நான்கு நிமிடத்தை ஒட்டியது. பிமாயில் கண்ட 3.6 நிமிட அலைவுக்கான விளக்கம் இதுவே.

கடலின் வழி

கடல்நீர் உப்பு கரைந்த நீர். மின்சாரத்தை நன்கு கடத்துவது. ஆறும் கடலும் புவிக்காந்தப்புலத்தின் குறுக்கே பாய்வதால் அவற்றிலும் மின்னோட்டம் எழவேண்டும் என்று ஃபாரடே கருதினார். 1832 ஜனவரியில் இலண்டனின் வாட்டர்லூ பாலத்தின் மீது நீண்ட செம்புக்கம்பியை விரித்து, அதன் இரு முனைகளிலும் உலோகத் தகடுகளைக் கட்டித் தேம்ஸ் ஆற்றுக்குள் இறக்கி அளந்து பார்த்தார். கருவியின் முள் அசைந்தது. ஆயினும் அவ்வசைவுக்கு ஆற்றின் ஓட்டமே காரணம் என்று அவரால் உறுதிசெய்ய இயலவில்லை. தகடுகளும் நீரும் உண்டாக்கிய பிற விளைவுகள் அளவீட்டைக் குழப்பின. தம் கருத்து சரியானதே என்னும் நம்பிக்கை இருந்தபோதும், சோதனை அதனை மெய்ப்பிக்கவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

அவர் எண்ணியது கடலில் மெய்யாயிற்று. ஆழிப்பேரலை எழும்போது கடலின் மேற்பரப்பிலிருந்து அடித்தரை வரையுள்ள முழு நீரும் நகர்கிறது. நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள கடலில் அவ்வலை மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் விரையும். 2010 பிப்ரவரி 27 அன்று சிலி நாட்டுக் கடற்கரையில் 8.8 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை, சிலியிலிருந்து 3,500 கிலோமீட்டருக்கும் அப்பால் பசிபிக் பெருங்கடலில் உள்ள ஈஸ்டர் தீவைக் கடந்தபோது, அங்கிருந்த காந்த ஆய்வுக்கூடத்தில் ஏறத்தாழ ஒரு நானோ டெஸ்லா மாற்றம் பதிவாயிற்று. கடலடியில் வைக்கப்பட்ட கருவிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளிவந்த ஆய்வொன்று, ஆழ்கடலில் அலையின் உயரம் மாறுவதற்குச் சற்றுமுன்பே அதன் காந்தமாற்றம் வந்து சேர்வதைக் காட்டியது. முந்தி வந்த நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடம்.

முள் அசைந்ததா? கருவி அசைந்ததா?

இத்துறையில் ஒவ்வோர் ஆய்வாளரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. நிலம் அதிரும்போது அளக்கும் கருவியும் அதிர்கிறது. பதிவில் காணும் மாற்றம் காந்தப்புலத்தின் மாற்றமா, கருவியின் ஆட்டமா?

இவ்வையம் அற்பமானதன்று. 40,000 நானோ டெஸ்லா புலத்தில் நிற்கும் கருவியின் உணரி, பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்ந்தாலே, 0.7 நானோ டெஸ்லா வரை பொய்யான மாற்றம் காட்டக்கூடும். நாம் தேடும் மெய்யான மாற்றமும் அவ்வளவே. பொய்யும் மெய்யும் ஒரே உயரத்தில் நின்றால் எதனை நம்புவது?

அறிவியலாளர் இதற்கு மூன்று தீர்வுகளைக் கண்டனர். புலத்தின் திசையை அளவாமல் மொத்த வலிமையை மட்டும் அளக்கும் கருவியைப் பயன்படுத்துவது ஒன்று; சாய்வு அதனைப் பெரிதும் பாதிப்பதில்லை. காந்தமானியின் அருகிலேயே நில அதிர்வுமானியையும் நிறுவி, இரண்டின் பதிவுகளையும் ஒப்பிடுவது மற்றொன்று. அதிர்வலை கருவியை அடைவதற்கு முன்பே மாற்றம் தோன்றுகிறதா என்று நோக்குவது மூன்றாவது. நிலம் இன்னும் அசையாத நிலையில் கருவி அசைந்திருக்க வழியில்லை அன்றோ?

மூன்றாம் வகைச் சான்று 2008இல் கிடைத்தது. அவ்வாண்டு ஜூன் 14 அன்று ஜப்பானின் இவாத்தே, மியாகி மாநிலங்களின் எல்லைப்பகுதியில் 7.2 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் வெளிமையத்திலிருந்து 26 கிலோமீட்டர் தொலைவில் நுட்பமான காந்தமானி ஒன்று இயங்கிக்கொண்டிருந்தது. முதன்மை அலை அவ்விடத்தை வந்தடையச் சில நொடிகள் எஞ்சியிருந்தபோதே காந்தப்புலம் மாறத்தொடங்கியது. அம்மாற்றம் ஒரு நானோ டெஸ்லாவுக்கும் குறைவு. எனினும் பாறை உடையத்தொடங்கிய கணத்தோடு அது பொருந்தியது. அழுத்தக்காந்த விளைவே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினர். பாறையின் அலை நொடிக்குச் சில கிலோமீட்டர் செல்ல, காந்தமாற்றமோ அதனை முந்திக்கொண்டு கருவியை எட்டிவிட்டது.

முன்னறிவிப்பு என்னும் பேராசை

நிலநடுக்கத்தின்போதே காந்தம் மாறும் எனில், நிலநடுக்கத்திற்கு முன்பே மாறாதா? மாறினால் முன்கூட்டியே அறிந்து மக்களைக் காக்கலாமே! இவ்வாசை நியாயமானது. ஆயினும் ஆசை சான்றாகிவிடாது.

1989 அக்டோபர் 17 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லோமா பிரியேட்டா என்னுமிடத்தில் 6.9 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. 63 பேர் இறந்தனர். அதன் வெளிமையத்திலிருந்து 7 கிலோமீட்டர் தொலைவில் வேறு நோக்கத்திற்காக ஒரு காந்தமானி வைக்கப்பட்டிருந்தது. நிலநடுக்கத்திற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னரே அதன் பதிவில் வழக்கத்திற்கு மாறான கலக்கம் காணப்பட்டது. மூன்று மணி நேரத்திற்கு முன்னர் அது மிகவும் உயர்ந்தது. இச்செய்தி உலகெங்கும் நம்பிக்கையை விதைத்தது. பல நாடுகளில் இத்தகைய முன்குறிகளைத் தேடிக் கருவிகள் நிறுவப்பட்டன.

இருபது ஆண்டுகளுக்குப்பின், 2009இல், அப்பழைய பதிவுகளை வேறு நிலையங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு ஆய்வாளர்கள் மீண்டும் ஆராய்ந்தனர். அக்கலக்கம் கருவி அமைப்பின் கோளாறால் விளைந்திருக்கலாம் என்று ஓர் ஆய்வு கூறியது. இயல்பான காந்தக் கலக்கமே அவ்வாறு தோன்றியிருக்கலாம் என்று மற்றோர் ஆய்வு கூறியது. நிலநடுக்கத்தை முன்னறிவிக்கும் காந்தக்குறி என்று உறுதியாகச் சுட்டத்தக்க ஒன்று இன்றுவரை நிறுவப்படவில்லை.

தேம்ஸ் ஆற்றின் பாலத்தில் நின்ற ஃபாரடேயின் நேர்மையை இங்கு நினைவுகூர்தல் தகும். தவறான முன்னறிவிப்பு வெறும் பிழையன்று. அதனை நம்பி ஊரைவிட்டு ஓடியவர், அடுத்த முறை மெய்யான எச்சரிக்கை வரும்போது நகரமாட்டார். ஆகவே உயிர்காக்கும் அறிவியலுக்கு ஐயம் ஒரு தடையன்று. அதுவே அதன் கடமை.

நொடிகளின் மதிப்பு

முன்னறிவிப்பு இயலாவிடினும், நிகழ்ந்ததை விரைந்து அறிதல் இயலும். அதன் மதிப்பை 2011 மார்ச் 11 உணர்த்தியது. அன்று பிற்பகல் 2.46 மணிக்கு ஜப்பானின் வடகிழக்குக் கடற்பகுதியில் 9.0 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. மூன்று நிமிடத்திற்குள் ஆழிப்பேரலை எச்சரிக்கை விடுக்கப்பட்டது. இது வியக்கத்தக்க விரைவு. ஆனால் அம்முதற்கணிப்பில் நிலநடுக்கத்தின் அளவு 7.9 என்றே மதிப்பிடப்பட்டது. அதனடிப்படையில் மியாகியில் 6 மீட்டர் உயரமும், இவாத்தே, ஃபுகுஷிமா பகுதிகளில் 3 மீட்டர் உயரமும் அலை எழக்கூடும் என்று அறிவிக்கப்பட்டது. வந்த அலையோ பல இடங்களில் பத்து மீட்டரைக் கடந்தது. கணிப்பு 3.14 மணிக்கு உயர்த்தப்பட்டபோதிலும், மின்சாரம் தடைப்பட்ட ஊர்களில் பலரை அச்செய்தி எட்டவில்லை. இறந்தோரும் காணாமற்போனோருமாகப் பதினெண்ணாயிரத்திற்கும் மேற்பட்டோரை ஜப்பான் இழந்தது.

மிகப்பெரிய நிலநடுக்கத்தின் முழு அளவைத் தொடக்கநொடிகளின் அதிர்வைக்கொண்டு மட்டும் அறிவது கடினம் என்பதே அந்நாள் கற்பித்த பாடம். எனவேதான் வெவ்வேறு வழிகளில் வரும் செய்திகளை ஒருங்கே கேட்கவேண்டியுள்ளது. அழுத்தக்காந்த மாற்றம், பாறை உடைவதை அலைக்கு முன்பே உணர்த்துகிறது. அயனி மண்டலத்தின் கலக்கம், கடலடித்தரை எவ்வளவு எழுந்தது என்பதைச் சில நிமிடங்களில் சுட்டக்கூடும். கடல்நீரின் காந்தம், நகரும் நீரின் அளவையும் திசையையும் உரைக்கிறது. இன்றைய எச்சரிக்கை முறைகள் நில அதிர்வுமானிகளையும், கடலடி அழுத்தமானிகளையும், கடல்மட்ட அளவிகளையுமே முதன்மையாக நம்பியுள்ளன. காந்தமானிகள் அவற்றோடு துணைநிற்கும் நாளை நோக்கி ஆய்வுகள் நடைபெறுகின்றன.

நம் நாட்டில் 2004இன் துயருக்குப்பின் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் அமைக்கப்பட்டு, 2007 அக்டோபர் முதல் செயல்பட்டு வருகிறது. புவிக்காந்த நடுவரை தென்னிந்தியாவின் முனையை ஒட்டிச் செல்வதால், திருநெல்வேலியில் புவிக்காந்த ஆய்வுக்கான நிலையம் ஒன்று இயங்குகிறது. வானில் ஓடும் மின்னோட்டங்களை ஆராய்வதற்கு உலகில் மிகவும் ஏற்ற இடங்களுள் அதுவும் ஒன்று.

ஆய்வகத்தில் உங்கள் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் காந்த ஊசி அசைவற்றிருப்பதாகத் தோன்றும். மெய்யாக அது புவியின் கருவத்தையும், பாறையையும், கடலையும், வானையும் ஒருசேரக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அது கேட்பதை நாம் பிழையின்றிக் கற்றறிந்தால், ஒரு கடற்கரைக்குச் சில நிமிடங்களைக் கூடுதலாகத் தரமுடியும். மேட்டுநிலத்தை நோக்கி ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட அச்சில நிமிடங்கள் போதும்.

சொல்லும் பொருளும்

புவிக்காந்தப்புலம் – புவியைச் சூழ்ந்துள்ள காந்த ஆற்றல் செயல்படும் வெளி
காந்தமானி – காந்தப்புலத்தின் வலிமையையோ திசையையோ அளக்கும் கருவி
வெளிமையம் – நிலநடுக்கம் தோன்றும் இடத்திற்கு நேர்மேலே நிலப்பரப்பில் உள்ள புள்ளி
அயனி மண்டலம் – மின்னேற்றத் துகள்கள் மிகுந்த வளிமண்டல மேலடுக்கு
அலைவுநேரம் – ஓர் அலைவு முழுமைபெற ஆகும் நேரம்
ஆழிப்பேரலை – கடலடி நிலநடுக்கம் முதலியவற்றால் எழும் பேரலை

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் உள்ள காந்த ஊசியின் அருகே கைப்பேசி, இரும்புச் சாவி, மின்கலம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டுசென்று, ஊசியின் விலகலைக் குறித்துக்கொண்டு வகுப்பில் ஒப்பிடுக.
2. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையை நேரில் கண்ட ஒருவரிடமோ அதுபற்றி அறிந்த பெரியோரிடமோ உரையாடி, அன்று எச்சரிக்கை கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பர் என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.
3. 'நிலநடுக்கம் வரப்போகிறது' என்று கைப்பேசியில் பரவும் செய்தி ஒன்றை எவ்வாறு சரிபார்ப்பீர்கள் என்பது குறித்துக் குழுவாகக் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக.

1. 2008ஆம் ஆண்டு ஜப்பான் நிலநடுக்கத்தில், காந்தமாற்றம் கருவியின் ஆட்டத்தால் விளைந்ததன்று என்பதற்குச் சான்றாவது
அ) மாற்றம் மிகப்பெரிதாக இருந்தமை
ஆ) மாற்றம் முதன்மை அலைக்கு முன்பே தோன்றியமை
இ) மாற்றம் இரண்டு வாரம் நீடித்தமை
ஈ) மாற்றம் கடலில் பதிவானமை

2. பிமாயில் பதிவான காந்த அலைவு வந்த வழி
அ) பாறையின் சொந்தக் காந்தம்
ஆ) நிலத்தடி நீரின் ஓட்டம்
இ) அயனி மண்டலத்தின் மின்னோட்டம்
ஈ) ஆற்றுநீரின் ஓட்டம்

குறுவினா

1. அழுத்தக்காந்த விளைவு என்றால் என்ன?
2. கொலாபாவின் காந்த ஆய்வுப்பணி அலிபாக்கிற்கு மாற்றப்பட்டது ஏன்?

சிறுவினா

1. நிலத்தின் அசைவு வானில் பெருகுவது எவ்வாறு என்பதை விளக்குக.
2. ஃபாரடேயின் தேம்ஸ் ஆற்றுச் சோதனை உணர்த்தும் அறிவியல் நேர்மையை எடுத்துரைக்க.

நெடுவினா

1. 'உயிர்காக்கும் அறிவியலுக்கு ஐயம் ஒரு தடையன்று; அதுவே அதன் கடமை' – இக்கூற்றைப் பாடப்பகுதிவழி நின்று நிறுவுக.